பாறைக்கு ஒரு நாள் கொடுங்கள்: குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியத் தோழர்களுக்கு,

முப்பத்திரண்டு வருடம் இந்த மாவட்டத்தில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். ஊட்டியா, கொடைக்கானலா, இல்லை கேரளத்தில் ஏதாவது தண்ணீர் விளையாட்டுப் பூங்காவா என்று வாக்கெடுப்பு நடக்கும். எங்கே வேண்டுமானாலும் போங்கள். அதற்கு முன் ஒரு நாளை நம் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறைக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அரை நாள் போதாது. ஒரு முழு நாள் வேண்டும்.

"அதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்தாச்சே டீச்சர்" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் கேட்டபோது விளவங்கோடு பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் படகில் ஏறியதே இல்லை. போயிருந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்றால் மண்டபம், சிலை, ஐஸ்கிரீம் என்றார்கள். பாறை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வரிசையில் இரண்டு மணி நேரம், பாறையில் இருபது நிமிடம், ஆள் எண்ணிக்கை சரிபார்த்து அடுத்த படகில் திரும்பு என்று கூட்டிப்போனது நாம்தான். பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

அது ஒரு தீவு என்பதை நாம் மறந்தேபோனோம். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட வராத தூரம், நான்கு பக்கமும் அலை. இன்றைக்கும் காற்று பலத்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அங்கே போக வழியே இல்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் நீந்திப் போனதும், மூன்று நாள் அங்கே தியானத்தில் இருந்ததும் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. அவர் போனபோது மண்டபமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. உப்புக் காற்றில் அரித்த வெறும் கல். பிள்ளைகள் மனதில் அந்த வெறும் கல்லை ஒரு நிமிடம் நிறுத்திக் காட்ட முடிந்தால் அந்த நாளின் பாதி வேலை முடிந்தது.

எனக்கு இதையெல்லாம் புரியவைத்தது ஒரு மாணவன். 1998-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். வள்ளுவர் சிலை அப்போது சாரத்துக்குள் எழும்பிக்கொண்டிருந்தது. பாறையின் தென்பக்கம் பிள்ளைகளை நிறுத்தி, "இதோ பாருங்க, மூன்று கடலும் சேருகிற இடம், மூன்று நிறம் தெரிகிறதா?" என்றேன். பாடப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். பின்வரிசையில் நின்ற ஒரு பையன், வகுப்பில் வாய் திறக்காதவன், மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், தண்ணி அப்படிக் கோடு போட்டு நிக்காது. காத்து மாறினா கலரும் மாறும். இன்னைக்குக் கச்சான் அடிக்கு, அதான் அந்தப் பக்கம் கலங்கிக் கிடக்கு. கொண்டல் அடிச்சா பாருங்க, அப்பம் இந்தப் பக்கம் கலங்கும்."

அவன் அப்பா வள்ளத்தில் போகிறவர். மேற்கேயிருந்து அடிக்கும் காற்றுக்குக் கச்சான், கிழக்கேயிருந்து அடிக்கும் காற்றுக்குக் கொண்டல் என்ற பெயர்கள் அவனுக்கு வீட்டுச் சொற்கள். அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல், வங்காள விரிகுடா என்பவை மனிதர் வரைபடத்துக்காக வைத்த பெயர்கள், தண்ணீருக்கு அந்த வேலி தெரியாது என்பதை பட்டம் வாங்கிய நான் அவனிடம்தான் முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டேன். அன்றைக்கு மீதி நேரம் அவனைப் பேசவிட்டேன். கரையில் எந்தக் கோபுரத்தையும் எந்த மலையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்தால் கடலுக்குள் மீன் கிடக்கும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள் என்று காட்டினான். வகுப்பில் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கியவன். அவன் காட்டியது சுத்தமான வடிவியல்.

நம் பள்ளிகளில் கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கவனம் இல்லை, சத்தம் அதிகம், லீவு போடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்கிற ஒரு பாடவேளை நம் டைம்டேபிளில் இல்லை. அந்தப் பாறையில் ஒரு முழு நாள் கேட்பதற்கு முதல் காரணம் அதுதான். மலையோரப் பிள்ளையும் கடலோரப் பிள்ளையும் ஒரே கல்லில் நிற்கும்போது அங்கே கடலோரப் பிள்ளைதான் ஆசிரியர். நாம் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும்.

சரி, நமக்குச் சொல்ல என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது.

முதலில் கல்லைத் தொடச் சொல்லுங்கள். நாகர்கோவிலைச் சுற்றி நாம் தினமும் பார்க்கிற மலைகளில் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. கல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லில்தான் இந்தப் பாறை வகை முதலில் ஆராயப்பட்டது. அந்தக் கல்லோ சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. தமிழ்நாட்டுக் கல்லுக்கு இப்படித்தான் ஒரு வெள்ளைக்காரர் பெயர் வந்தது என்று சொன்னால் பிள்ளைகள் பெயரை மறக்க மாட்டார்கள். பூமிக்குள் வெகு ஆழத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இந்தப் பகுதியின் பாறைகள் உருமாறின. அப்போது இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்த காலம். குமரியின் கல்லுக்கு அண்டார்டிகாவில் உறவுக்காரர்கள் உண்டு என்று நான் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பாறையில் நின்று சொன்னால் குனிந்து தடவிப் பார்ப்பார்கள்.

கடல்கொண்ட நிலத்தைப் பற்றி ஒரு பிள்ளையாவது நிச்சயம் கேட்கும். தட்டிக்கழிக்காதீர்கள். கதையையும் கணக்கையும் பிரித்துச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இந்தப் பாறை அன்றைக்குத் தீவே அல்ல, தரையில் நின்ற ஒரு குன்று. கரை தெற்கே வெகுதூரம் தள்ளிக் கிடந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். அப்புறம் பனி உருக உருகக் கடல் ஏறிவந்தது. இவ்வளவும் அறிவியல் உறுதியாகச் சொல்வது. அதற்கு மேல் ஒரு பெருங்கண்டமே இருந்து மூழ்கியது என்பதற்குக் கடலடியில் சான்று இல்லை. இரண்டையும் நேர்மையாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்காது. குன்று தீவான கதையே அவர்களுக்குப் போதுமான அதிசயம்.

தென்பக்கம் திரும்பி நிற்க வைத்து நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இங்கிருந்து நேர் தெற்கே ஒரு படகு வளையாமல் போனால் முதலில் எந்த ஊர் வரும்? இலங்கை என்பார்கள். அது கிழக்கே இருக்கிறது. மாலத்தீவு என்பார்கள். அது மேற்கே விலகிவிடும். உண்மையில் நம் தீர்க்கரேகையிலேயே, சுமார் 5,100 கிலோமீட்டர் தாண்டி, ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு சின்ன எரிமலைத் தீவு இருக்கிறது. பிரான்சுக்குச் சொந்தம். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தங்கும் சிலரைத் தவிர அங்கே குடிமக்களே கிடையாது. நம் பாறையிலிருந்து அந்தப் பாறை வரை இடையில் தண்ணீர் மட்டும்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் வருகிற அமைதியைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் போனேன்.

அந்தத் தீவின் பெயரைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் வரலாற்றுக்கே வந்துவிடலாம். 1633-ல் வான் டீமன் என்ற டச்சுத் தளபதி அந்த வழியாகப் போகும்போது தன் கப்பலின் பெயரை அதற்கு வைத்தார். அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நூற்றியெட்டு வருடம் கழித்து, 1741 ஆகஸ்டில், நம் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) என்று பெயர் வாங்கி, 1777-ல் இறந்து, புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். அவர் காலத்தில் எழுப்பப்பட்ட வட்டக்கோட்டையை அன்றைக்கு மாலையே பிள்ளைகள் கால் நடையாகப் போய்த் தொடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டடங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவற்றைச் சொல்ல வழிகாட்டிகளும் பலகைகளும் இருக்கின்றன. நினைவு மண்டபம் 1970 செப்டம்பர் 2-ல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் கணபதி ஸ்தபதி வடித்த வள்ளுவர் சிலை 2000-ம் ஆண்டின் முதல் நாள் திறக்கப்பட்டது. 133 அடியில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். மேலே நிற்கும் 95 அடி, பொருளும் இன்பமும். இதைக் கணக்காகக் கேளுங்கள், தமிழ் ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் சேர்ந்து சந்தோஷப்படுவார்கள். 2024 டிசம்பர் 30 முதல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. அதில் நடக்கும்போது பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். அதற்குப் பிறகு காலுக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பாறைக்கும் இடையில் அலை எப்படி நெருங்கி, உயர்ந்து, வெண்மையாக உடைகிறது என்று இவ்வளவு பக்கத்தில் பார்க்க இந்த மாவட்டத்தில் வேறு இடம் இல்லை.

மண்டபப் பாறையில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் திசை எப்படி நகர்கிறது என்று காட்டும் குறிப்பு. உத்தராயணம், தட்சிணாயனம் என்று கரும்பலகையில் வரைந்து மாய்ந்துபோகும் எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வரம். இன்னொன்று ஸ்ரீபாத மண்டபம். கன்னித் தெய்வம் ஒற்றைக் காலில் தவமிருந்த அடையாளம் என்று மக்கள் வணங்கும் தடம் அங்கே கல்லில் இருக்கிறது. கரைப்பக்கம் திரும்பினால் அதே அம்மனின் கோயில் தெரியும். மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கீழவாசலை ஆண்டில் சில நாட்கள் மட்டும் திறக்கிறார்கள் என்ற கதையைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள், பாட்டி சொன்னது ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த வழிக்குறிப்பிலேயே குமரி என்ற பெயரும், இங்கே வந்து நீராடி விரதமிருந்தவர்களைப் பற்றியும் வருகிறது. அவ்வளவு பழைய பெயர் நம்முடையது.

அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிவிட்டது என்ற கதையையும் விட்டுவிடாதீர்கள். கரைக்குத் திரும்பியதும் ஒரு கைப்பிடி மணலை வெள்ளைத் தாளில் போட்டு, காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்துங்கள். கறுப்பு மணிகள் நகரும். அதில் இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமம் இருக்கிறது. சிவப்பு மணிகள் கார்னெட். மணவாளக்குறிச்சியில் ஏன் மணல் ஆலை இருக்கிறது என்ற கேள்வி தானாக வரும். தாளில் கிடந்ததைக் கரையிலேயே கொட்டிவிட்டு வரவேண்டும்.

இனி, கொஞ்சம் கனமான விஷயம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸ் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்வாங்கியதும் இதுவரை கண்டிராத பாறைகள் வெளியே தெரிந்தன, ஜனங்கள் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். பிறகு சுனாமி அலை வந்தது. தீவுப் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களைக் கரைசேர்க்கப் படகு எடுத்துப் போனவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். அதே நேரத்தில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் மீனவக் குடும்பங்கள் அழிந்துகொண்டிருந்தன. மணக்குடிப் பாலத்தையே அலை கொண்டுபோனது. இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையும் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. கடல் திடீரென்று பின்வாங்கினால் வேடிக்கை பார்க்கக் கூடாது, மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை அந்தப் பாறையில் நிறுத்தித்தான் சொல்லவேண்டும். ஆனால் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் அப்பாவையோ மாமாவையோ இழந்த பிள்ளை உங்கள் வரிசையில் இருக்கலாம். முதல் நாளே வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் கடலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறு எதுவும் செய்யவில்லை, செய்யவும் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடை. கிழக்குக் கரையோரமாகச் சின்னமுட்டம் துறைமுகம் வழியாக லீபுரம் தாண்டி வட்டக்கோட்டை. ஆறேழு கிலோமீட்டர்தான். கோட்டை மூடுவதற்குள் போய்ச் சேரும்படி புறப்பட வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் சிரமமில்லாமல் நடப்பார்கள். உடம்பு முடியாதவர்களுக்கு ஒரு வேன் பின்னால் வரட்டும். துறைமுகத்தில் படகுகள் கரையேறிக் கிடப்பதை, ஐஸ் உடைப்பதை, வலை பின்னுகிறவர்களின் விரல்களைப் பார்க்கட்டும். ஏலம் நடந்தால் ஓரமாக நிற்கவேண்டும், போட்டோவுக்காக யார் வேலையையும் நிறுத்தச் சொல்லக்கூடாது. கோட்டை மேல் ஏறித் திரும்பிப் பார்த்தால் காலையில் நின்ற பாறை தூரத்தில் சின்னதாகத் தெரியும். வள்ளுவர் ஒரு விரல் உயரத்தில் நிற்பார். உள்நாட்டுப் பக்கம் மருந்துவாழ் மலை, மேற்குத் தொடர்ச்சி மலை கடலைத் தொட வந்து நின்றுவிட்ட இடம். நாராயண குரு தவமிருந்த குகை அந்த மலையில்தான். அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்று கேட்டால், ஐயப்ப பக்தர்களின் கூட்டம் கரைந்த பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ, ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை. வைகாசிக்கு மேல் கச்சான் பலத்துவிடும், படகை நம்ப முடியாது. முதல் படகைப் பிடியுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் ஒரே நாளில் கூட்டிப்போகாதீர்கள். முழுப் பள்ளியையும் ஏற்றிப் போனால் நாள் முழுக்க எண்ணிக்கை எடுப்பதிலேயே போகும். பாறையில் கைப்பிடிக்கு வெளியே ஒரு கால்கூடப் போகக்கூடாது, அலை எந்த நேரமும் ஏறும். கல்விளிம்பில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் ஓடும் நண்டையும் கைப்பிடிக்கு உள்ளே நின்றே பார்க்கலாம். செம்பருந்து தலைக்கு மேல் வட்டமிடும், ஆலா என்ற கடற்பறவைகள் தண்ணீரில் குத்தி இறங்கும். ஒரு பைனாகுலரைக் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். தொப்பி, தண்ணீர், சாப்பாடு வாழையிலையிலோ டப்பாவிலோ. செல்போன் ஆசிரியர்களிடம் மட்டும் இருந்தால் நல்லது.

அப்புறம் ஒன்றே ஒன்று. கூடவே ஒரு மீனவப் பெற்றோரை அழைத்துப் போங்கள். பள்ளியின் விருந்தினராக, மரியாதையாக, அவருக்கு ஒரு நாள் தொழில் போவதற்கு ஈடு கொடுத்து. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிற பணத்தில் பாதி போதும். பாறையில் பத்து நிமிடம் அவர் காற்றைப் பற்றியும் பாரைப் பற்றியும் பேசட்டும். தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் நிறைந்த கடல்மேடு 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு உரியதாக ஏற்கப்பட்டது என்று நாம் சொல்லலாம். அங்கே போய் வலை போட்டவர் சொல்வது வேறு.

யாரை அழைப்பது என்று தயங்கினால் என்னிடம் கேளுங்கள். 1998-ல் எனக்குக் கச்சான் காற்றைக் காட்டிய பையன் இப்போது சின்னமுட்டத்திலிருந்து விசைப்படகில் போகிறான். போன மாதம் சந்தையில் பார்த்தேன், நெய்மீனுக்குக் காசு வாங்க மறுத்தான். "இன்னும் அந்தப் பாறைக்குப் பிள்ளைகளைக் கொண்டு போறாங்களா டீச்சர்?" என்று கேட்டான். அவன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், உங்கள் பள்ளிகளில் ஒன்றில்தான்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு புவியியல் ஆசிரியை,
நாகர்கோவில்